இடது மிதி

வியாழக்கிழமை, ஊற்றுக்குப் போகும் இறக்கத்தில்
மிதித்தேன். மிதி போனது.
வண்டி நிற்கவில்லை.

சரியாகச் சொன்னால் பாதி நின்றது.
வலது சக்கரம் பிடித்தது; இடது சக்கரம்
எனக்கென்ன என்று உருண்டது.
மூக்கை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு
பெஸாரியோன் வீட்டு வேலியைப் பார்த்துப் புறப்பட்டோம்.
என் கை எதைத் தேடியது என்று எனக்கே தெரியாது.
கலப்பை விழுந்தது.
மண்சாலையைப் பதினோரு அடி உழுதபடி
நின்றோம், நானும் வண்டியும்.
அந்தச் சாலில் இப்போது மழைநீர் தேங்குகிறது.
கடந்து போகிறவர்கள் கேட்கிறார்கள்:
"மக்வாலா, இங்கே என்ன விதைக்கப் போகிறாய்?"

ஜப்பானில் யார் யாருக்கோ முப்பது வருடம் உழைத்துவிட்டு
கப்பலேறி பொத்தித் துறைமுகத்தில் இறங்கிய வண்டி.
மட்கார்டில் மஞ்சள் ஒட்டுத்தாள்.
அதில் ஒரு சின்ன மனிதன் தலைகீழாக விழுகிறான்.
எழுத்து புரியவில்லை.
மனிதன் புரிகிறான்.

வெள்ளிக்கிழமை, தொழுவத்தின் சமதரையில்
சக்கரங்களுக்கு அடை கொடுத்து
அடியில் மல்லாந்தேன்.
பிடிக்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரம்
மூன்று விரல். இருக்க வேண்டியது ஒன்றரை.
இழுகம்பியின் நட்டைத் திருகினேன், ஒன்றரை வந்தது,
ஓட்டிப் பார்த்தேன், அதே கதை.
ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. பின் இருக்கிறது.
இரண்டு மிதிகளையும் சேர்க்கும் கொக்கியை நீக்கி
தனித்தனியே மிதித்தேன்:
வலது பதில் சொன்னது.
இடது காது கேளாததுபோல் இருந்தது.

அப்போதுதான் ஜும்பரின் நினைவு வந்தது.
என் கொழுந்தன். போன வாரம்
மரம் இழுக்க வண்டியை இரவல் வாங்கியவன்.
தொலைபேசியில் அவனுக்கு நான் சொன்னதெல்லாம்
சமையலறையில் நின்ற அவன் அண்ணனுக்கும் கேட்டது.
இரண்டு நாள்
உப்பைக்கூட எட்டி எட்டி நாங்களே எடுத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை டிரம்மைக் கழற்றினேன்.
கழற்றினேன் என்பது ஒரே சொல்தான்.
சுத்தியல், டீசல், மரக்கட்டை, கெட்ட வார்த்தை
எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரம்.
லைனிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.
தேயவில்லை. எண்ணெயில் வதங்கிய
கத்தரிக்காய்த் துண்டுபோல் மின்னியது.

எண்ணெய், அச்சின் சீலைத் தாண்டி வந்திருக்கிறது.
சீல் போன வருடம்தான் போட்டது.
புது சீல் ஏன் கசிய வேண்டும்?
கையைத் துடைக்காமல் ரொட்டி தின்றபடி
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அச்சுக்கூட்டின் மேலே
சுண்டுவிரல் நுனியளவு ஒரு குமிழ்:
வண்டியின் மூச்சுத்துளை.
உள்ளே சூடேறும் காற்று அது வழியே போக வேண்டும்.
அதன் வாயில் மண்.
விளக்கைக் கிட்டே பிடித்தேன். ஒட்டிய மண் அல்ல,
பூசிய மண்.
கோடையில் ஒரு குளவி
வாய் வாயாக ஈரமண் சுமந்து வந்து
பிள்ளைக்கு அறை கட்டியிருக்கிறது.

வழி அடைபட்ட காற்று எண்ணெயை நெருக்கியது,
எண்ணெய் சீலை நெருக்கியது,
சீல் விட்டுக்கொடுத்தது.
நான் ஊற்றுக்குப் புறப்பட்டேன்.

கம்பியால் குத்தினேன். உதிர்ந்தவை:
மண்,
யாரும் தின்னாமல் உலர்ந்த நான்கு சிலந்திகள்.
பிள்ளை பிழைக்கவில்லை.
கியர் பெட்டியின் சூடாக இருக்கலாம்.

ஜும்பரை அழைத்தேன். குளவி, என்றேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
"குளவியா?"
"குளவிதான்."
"அதையும் திட்டினாயா?"

சீலும் லைனிங்கும் குதாயிசியிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும்.
திராட்சை அதுவரை காத்திருக்காது.
வண்டி அடையில் நிற்கட்டும்.
கூடைகளைத் தோளில் சுமக்கிறோம்,
ஜும்பர் முன்னால், நான் பின்னால்,
இறக்கத்தில் குதிகாலை ஊன்றி ஊன்றி.

வேலியோரம் அந்தச் சாலில்
நீர் தேங்காத முனையில்
பெஸாரியோன் ஆறு பூண்டுப்பல் நட்டு வைத்திருக்கிறான்.
கேலிக்குத்தான்.
தாண்டித்தான் நடக்கிறோம்.