பிந்துவதற்கான காரணம்

ஜங்ஷன் டைம் கீப்பர் கூண்டில் உட்கார்ந்து
பதினோரு நாள் எழுதிப் பார்த்தேன்.
சுத்தமல்லியிலிருந்து ஹைகிரவுண்டுக்குப் போகிற வண்டி
வந்தால் மூன்றாக வருகிறது,
சண்டை தீர்க்கப் புறப்பட்ட மச்சினன்மார் மாதிரி.
முதலாவதில் மூச்சுவிட இடமில்லை.
மூன்றாவதில் முப்பிடாதி
காலை நீட்டிச் சில்லறை எண்ணுகிறான்.
அப்புறம் நாற்பது நிமிடம்
ரோட்டில் வெயில்தான் வரும்.

பேட்டை ரயில்வே கேட்டில் ஒருவன் பிந்துவான்.
பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் ஆள் சேரும்,
ஆள் ஏற ஏற இன்னும் பிந்துவான்.
பின்னால் வருகிறவன் காலியாக வந்து
அவன் முதுகில் மூக்கை வைப்பான்.
"வண்டி பத்தலன்னு சொல்றாவ.
வண்டி பத்தும் சார். சேந்து நிக்கி, அதான்"
என்றான் டிரைவர் வேலாண்டி.

ஒன்பதாவது வண்டி கேட்காதே என்றது ஆபீஸ்.
எட்டு வண்டி, ஒரு பென்சில்,
பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்.

வண்ணார்பேட்டையில் இரண்டு நிமிடம் நிற்கச் சொன்னேன்,
முந்தி வந்தவன் மூச்சு வாங்கட்டும் என்று.
முதல் நாளே ஒருவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்:
"ஏம்வே, ஆத்தப் பாக்கவா நிப்பாட்டிருக்கீரு?"

கீழப்பொட்டலுக்குள் போய்த் திரும்பினால் பதினோரு நிமிடம்.
ஏறுகிறவர்கள் நாலு பேர்.
சிவப்பு மையில் அடித்தேன்.
பேனா ஒன்றும் கனக்கவில்லை.

மூன்றாம் வாரம், பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி.
ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிற எஸ்தர் புஷ்பம்
பேட்டையில் ஐந்து மணிக்கே வந்து நின்றவள்
இப்போது ஐந்து இருபதுக்கு வருகிறாள்.
அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்கிறாள் என்று
முப்பிடாதி கேட்டானாம்.
"தூங்குதேன்" என்றாளாம்.

பாராட்டி ஒரு தாள் வந்தது, முத்திரையோடு.

லீவு நாளில், விடியும் முன்,
கீழப்பொட்டல் விலக்கில் போய் நின்றேன்.
ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
உள்ளேயிருந்து செல்லக்கனி நடந்து வந்தாள்,
தலையில் கீரைக்கட்டு, நனைந்த சாக்கிலிருந்து
தோளில் தண்ணீர் சொட்டச் சொட்ட.
"மணி என்னய்யா?"
சொன்னேன்.
ஓட ஆரம்பித்தாள்.
வேலாண்டியின் வண்டி வந்துவிட்டது,
நான் எழுதிய நிமிடத்தில்.

பழைய வண்டியாக இருந்தால் பிந்தியிருக்கும்.
பிந்துகிற வண்டியை ஓடிப் பிடிக்கலாம்.
சொன்ன நேரத்துக்கு வருகிற வண்டி
சொன்ன நேரத்துக்குப் போய்விடும்.
இது எந்தக் கட்டத்திலும் வரவில்லை எனக்கு.

அவள் இன்னும் ஐம்பது அடி தூரத்தில்.
வண்டிக்குள் நாற்பது பேர்.
பேட்டையில் எஸ்தர்,
தூங்கி எழுந்து, நம்பி வந்து நிற்கிறவள்.

கையைத் தூக்கினேன்.
வேலாண்டி என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்,
பிரேக்கில் கால் வைத்தான்.
கீரைக்கட்டு முதலில் ஏறியது, பிறகு அவள்.

மறுநாள் டிரிப் ஷீட்டில் இருந்தது:
கீழப்பொட்டல் விலக்கு, நாற்பது விநாடி பிந்தல்.
காரணம் என்ற கட்டத்தை
வேலாண்டி எனக்கு விட்டுவைத்திருந்தான்.
மூடி திறந்த பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
அங்கே ஒரு நிமிடம் சேர்க்க வேண்டும்.
யாரிடமிருந்து எடுப்பது?