இரவுக் கொப்பி

கள்ளப்பாட்டு ஐஸ் பெக்டரியில்
இரவு வேலைக்கு நான் ஒருத்திதான் பெண்.
மணிக்கு ஒருக்கா கொப்பியில் எழுத வேணும்:
உப்புத்தொட்டி, மறை ஒன்பது.
அமுக்கம், சரி.
கொம்பிரசர், இரைச்சல்.
(இரைச்சலுக்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் நானாக எழுதுவது.)

குழாய்க்குள் அமோனியா கொதிக்கிறது.
கொதிக்க நெருப்பு வேணுமென்று யார் சொன்னது?
அது குளிரில் கொதிக்கும் சாமான்.
தண்ணீரிடம் மிச்சமிருக்கிற சூட்டையும்
கடன்காரன் மாதிரி வாங்கிக்கொண்டு
வாயுவாய் எழும்பிப் போகும்.
பேந்து கொம்பிரசர் அதை மடக்கி, நசுக்கி,
மேலே தண்ணீர் ஊற்றி ஆற்றி
திரும்பத் திரவமாக்கி அனுப்பும்.
ஆறு மாதமாய் ஒரே அமோனியாவைத்தான்
சுற்றி விடுகிறோம்.

தகர அச்சுக்குள் தண்ணீர்
முதலில் விளிம்பில் தயங்கும்.
இடித்துப் புரண்டு திரிந்த மூலக்கூறுகள்
ஒவ்வொன்றாய் ஓரிடம் பார்த்து நிற்கும்.
நிற்பதென்றால் சும்மா நிற்பதில்லை,
நின்ற இடத்திலேயே நடுங்கும்.
மறை ஒன்பதிலும் நடுங்கும்.
நடுக்கம் அடங்குகிற கடைசிக் குளிரை
இன்னும் எவரும் தொட்டதில்லையாம்.

ஓ.எல். படிக்கையில் படம் கீறினது ஞாபகம்.
திண்மத்துக்குப் புள்ளிகளை நெருக்கி,
திரவத்துக்குக் கொஞ்சம் தளர்த்தி,
வாயுவுக்கு நாலே நாலு புள்ளி, மிச்சம் வெறும் பெட்டி.
சோதினைக்கு அது போதும்.
ஐஸுக்குப் போதாது.
ஐஸில் தண்ணீர் ஒன்றையொன்று
கை நீட்டித்தான் பிடிக்கிறது,
இடையில் ஓட்டை விட்டு.
அச்சை நிறைத்தால் விடியும்போது
விளிம்பைத் தாண்டி முதுகு தூக்கும்.
உறைந்த பிறகு
கூட இடம் கேட்கிற சாமான்.

நெருக்கினால் திண்மம் என்று படித்த நாங்கள்
செட்டிகுளத்தில்
ஒரு கூடாரத்துக்குள் பதினாறு பேர் கிடந்தோம்.
காலை மடக்கினால் அடுத்தவரின் வயிறு.
நெருக்கமாய்த்தான் இருந்தோம்.
திண்மமாய் இருக்கவில்லை.

போன செவ்வாய், மூன்று நாற்பது.
இரண்டாம் வால்வின் வாசர் விட்டது.
சத்தமில்லை, மணம்தான்.
வாயுவுக்கு வழி தெரியாது.
முட்டும், திரும்பும், இன்னொன்றில் முட்டும்,
வழி தெரியாமலே
எல்லா இடமும் போய்ச் சேர்ந்துவிடும்.
நனைத்த துவாயை மூக்கில் கட்டிக்கொண்டு
நானும் செபரத்தினமும் வால்வைத் திருகினோம்.
அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர்,
பாதி துவாய்க்குள்ளேயே குடியிருந்தது.
எண்ணி ஆறு சுற்று.

வெளியே வந்தால் ஒழுங்கை முழுக்கச் சனம்.
ஒருவரும் கத்தவில்லை.
எல்லார் கையிலும் பை.
அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்,
பொலித்தீனில் சுற்றிக்
கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்குகிற பை.
எதிர்வீட்டு மரியறோசா
இடுப்பில் பிள்ளை, கையில் சைக்கிள்,
எந்தப் பக்கம் ஓடுறது என்று மட்டும் கேட்டாள்.
"ஒன்றுமில்லை அக்கா, காஸ்."
காஸ் என்றதும் இன்னும் வெளிறினாள்.

வீட்டுக்குப் போங்கோ என்று சொல்லிச் சொல்லி
அரை மணி போனது.
கலைந்ததைத் திரும்பக் கூட்ட
பெக்டரிக்குள் நாற்பது குதிரைவலு மோட்டர் ஓடுகிறது.
ஒழுங்கையில்
நானும் செபரத்தினமும் ஒரு ரோச்சும்.

கொப்பியில் எழுதினேன்:
3.40 கசிவு. 3.52 அடைத்தாச்சு.
உப்புத்தொட்டி மறை ஏழு.
பைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்திலும் எழுதவில்லை.

ஐந்தரைக்கு மாங்குளம் போகிற லொறி.
பார் நாற்பது, மேலே உமி, அதன் மேல் சாக்கு.
முள்ளியவளை தாண்ட வெயில் ஏறும்.
லொறி ஒழுக்கிய ஈரக்கோடு
பின்னாலிருந்து காய்ந்துகொண்டே துரத்தும்.
அங்கே நிறுத்துப் பார்த்துவிட்டு
முதலாளி போன் எடுப்பார்:
பிள்ளை, மிச்சப் பாரம் எங்கே?
மேலே போச்சுது என்பேன்.
அவர் லொறிக் கூரையில்
ஓட்டை தேடுவார்.