லேபிள் வெட்டிய படம்

பதினைந்து வேலம்பாளையம், நிட்டிங் குடோன் மாடி.
சிங்கிள் ஜெர்சித் துணிதான் திரை.
காத்தாடி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
தெஹ்ரான் கொஞ்சம் இழுபட்டுச் சுருங்கியது.

படமே எடுக்கக்கூடாதென்று தீர்ப்பானவர்
எடுத்த படம்.
முழுக்க ஒரு சமையலறை.
கீழே தெருவில் யாரையோ வண்டியில் ஏற்றுகிற சத்தம்.
பாத்திரம் கழுவுகிறவள்
குழாயை மூடிவிட்டுக் கேட்கிறாள்.
அவ்வளவுதான் கதை.

கடைசியில் பேர் ஓட வேண்டிய இடத்தில்
வெறும் கறுப்பு, மூன்று நிமிசம்.
ஒளிப்பதிவு:
ஒலி:
அந்தப் பெண்:

பின்வரிசையில் செக்கிங் தெய்வாத்தாள்,
ஷிப்டுக்கு ஆயிரம் கழுத்தில் கத்தரி வைக்கிறவள்,
சத்தமாகவே சொன்னாள்:
"லேபிள் வெட்டுன பீஸுங்.
எப்பிடி வெட்டுனாலும் தையல்ல ஒரு நூல்
நின்னுக்குமுங். போடறவனுக்கு உறுத்தும்."

திங்கட்கிழமை ஸ்டேசனிலிருந்து போன்.
என்ன படம், எந்த நாடு, பர்மிசன் யார் குடுத்தது.
வந்தவங்க பேரெல்லாம் எழுதி எடுத்துட்டு
சாயங்காலத்துக்குள்ள வா.

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து
ஒன்று முதல் முப்பத்தேழு வரை
நம்பர் போட்டேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
பேனாவில் மை இருக்கிறதா என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.

இருந்தது.