மீதிப் பெயர்

பிராஸ் பாசாவில், மூன்றாம் மாடிக் கடையில்
இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்,
சிப்பாயின் சட்டைப்பைக்கு அளவெடுத்து
அகலவாக்கில் அச்சடித்த நாவல்.
போர்க்காலக் காகிதம், நமுத்த பிஸ்கட்டின் நிறம்.
முதல் பக்கத்தில் யாரோ தம் பெயரை எழுதி
அதே பேனாவால் அடித்திருக்கிறார்.
எழுதியதைவிட அடித்ததில் அழுத்தம் அதிகம்.

நாவலில் மோரிஸ் கெர்ஷன்பாம் என்றொருவன்,
நியூ ஜெர்சிக் கடற்கரை விடுதியில்
பதிவேட்டின் மீது குனிகிறான்.
மேசைக்குப் பின்னால் சின்னதாய் ஓர் அட்டை:
'தேர்ந்த விருந்தினருக்கு மட்டும்.'
அங்கே குழந்தைக்கும் தெரியும் அதன் பொருள்.
கெர்ஷ் வரை எழுதிவிட்டுப்
பேனாவைத் தூக்கிவிடுகிறான்.
கெர்ஷன்பாம் என்றால் செர்ரி மரமாம்.
மரத்தை வாசலில் நிறுத்திவிட்டு
அறைச் சாவியை வாங்கிக்கொள்கிறான்.

பிறகு பட்டாளம். கழுத்துத் தகடு அடிக்கிறார்கள்.
புராட்டஸ்டண்டுக்கு ஓர் எழுத்து, கத்தோலிக்கனுக்கு ஓர் எழுத்து,
யூதனுக்கு 'எச்'.
"உனக்கு?"
"ஒன்றும் வேண்டாம், வெறுமனே விடுங்கள்."
ஜெர்மானியரிடம் பிடிபட்டால்
அந்த எழுத்தே தோட்டா என்று
தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்கிறான்.
காரணம் பொய்யில்லை.
ஆனால் கப்பலில், பக்கத்துப் படுக்கைக்காரன்
யூத மூக்கைப் பற்றி ஏதோ சொன்னபோது
இவனும் சிரித்தானே, அதற்கு?
அந்தப் பக்கத்தின் ஓரத்தில்
பென்சிலில் ஒரு கோடு. சொல் ஏதும் இல்லை.

அங்கேதான் கைப்பேசி அடித்தது. வீட்டு முகவர்.
"தோ பாயோ அறை இன்னும் காலிதான் மிஸ் ரோஸ்லின்.
இங்கிலீஷ் எவ்வளவு அழகாப் பேசுறீங்க லா.
வீட்டுக்காரருக்கு இந்தியர் மட்டும் வேண்டாமாம்.
சமையல் வாசனை, வேற ஒண்ணுமில்ல.
நீங்க யுரேஷியர்தானே?"

நான், ரோஸ்லின் அந்தோணிசாமி,
போன வாரமே அந்தோணி வரை சொல்லிவிட்டுச்
சாமியை விழுங்கியிருந்தேன்.
இப்போது "ம்" என்றேன்.
அந்த ஒற்றெழுத்துக்கு நம்மிடம்
ஆமாம் என்றும் பொருள்,
சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள்.
முகவர் முதலாவதை எடுத்துக்கொண்டார்.
நான் கொடுத்ததும் அதைத்தான்.
மழுப்புவானேன்.

மிடில் ரோட்டில் ஒரு பழைய கட்டடம்,
நெற்றியில் ஆறுமுனை நட்சத்திரம்.
இந்தத் தெருக்களை மஹல்லா என்று
அழைத்தவர்களில் ஒருவர் கட்டியது.
ஜப்பானியர் காலத்தில் கையில் பட்டை கட்டி
அவர்கள் இதே வழியில்தான் நடந்திருப்பார்கள்.
நட்சத்திரத்தை யாரும் கொத்தி எடுக்கவில்லை.
பத்து வருடமாய்ப் பேருந்துக்கு ஓடும் பாதை,
இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

எதிர்க் கடையில் கோப்பி-ஓவோடு
மீதியைப் படித்தேன். மீதி என்று எங்கே?
கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணோம்.
கோந்து விட்டதோ, கிழித்தார்களோ.
நார்மண்டியில் மருத்துவக் கூடாரம்,
மோரிஸின் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த செவிலி
அவன் காதருகே குனிந்து கேட்கிறாள்:
"உனக்கு யாரைக் கூப்பிட?"
அத்தோடு சரி. அப்புறம் பின்னட்டை.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.
'அடையாள அட்டைப் படம் அனுப்புங்க,
முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும்.'
அட்டையில் முழுப் பெயர் இருக்கிறது.
அதன் கீழே, இனம் என்ற இடத்தில், ஒரே சொல்.
வெறுமனே விடுங்கள் என்று
என்னிடம் யாரும் கேட்டு அச்சடித்ததில்லை.
மாதம் எண்ணூறு வெள்ளி, ரயிலடிக்கு நாலு நிமிடம்,
கிழக்குப் பார்த்த ஜன்னல்.

கோப்பிக் குவளையை நகர்த்திவிட்டுப் படமெடுத்தேன்.
கடையின் குழல்விளக்கு பட்டுச்
சாமி இருந்த இடம் மட்டும் வெள்ளையாய்ப் போயிருந்தது.
அட்டையைக் கொஞ்சம் சாய்த்து
மறுபடி எடுத்தேன்.