பதினான்காம் காட்சியில் கன்று நடுங்குகிறது

சோமனூரில், ராக்கியண்ணனின் பாவுநூல் குடோனில்
எட்டு மாதம் உட்கார்ந்து நாங்கள் செய்தது
இருபத்திரண்டு நிமிடம்.
நோம்பிப் படம்.
பட்டிப் பொங்கலன்று காலையில் டிவியில் போட்டார்கள்.
அப்புறம் ஒவ்வொரு தையிலும் போடுகிறார்கள்,
கரும்பு விளம்பரம் போல அதுவும் வந்துவிடுகிறது.

கன்றின் எலும்பு அலுமினியக் கம்பி.
சதை, மில்லில் கூட்டித் தள்ளிய கழிவுப் பஞ்சு.
தோல், திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டில்
கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் பொறுக்கிய பழுப்புத் துணி.
கண் இரண்டும் மிளகு.
வலது மிளகு மூன்று தடவை உதிர்ந்தது.
மூன்றாவது தடவை கிடைக்கவேயில்லை.
பட்டியை விட்டு ஓடும் காட்சியிலிருந்து
கன்று வேறொரு மிளகால் பார்க்கிறது.

காப்புக்கட்டுக்கு வேப்பிலை பச்சைக் காகிதம்,
ஆவாரம்பூ மஞ்சள் நூலின் முடிச்சு.
பூளைப்பூ மட்டும் நிஜம்.
கிள்ளி வைத்தால் போதும்,
அது ஏற்கெனவே எங்கள் ஊர் அளவில்தான் இருந்தது.

தெப்பக்குளத்துத் தண்ணீருக்கு
சலூன் மாசிலாமணி ஹேர் ஜெல் கொடுத்தார்.
விளக்குச் சூட்டில் அது பாளம் பாளமாய் வெடித்தது.
கதையில் ஒரு வறட்சி சேர்த்துக்கொள்ளலாமா என்று
தேவசிகாமணி உண்மையாகவே கேட்டார்.

நொடிக்கு இருபத்து நான்கு படம்.
சுவருக்கு அக்கட்ட இருபத்து நான்கு தறி.
இதைச் சொல்லிச் சிரித்தது முதல் வாரம்தான்.
தறி ஓடினால் மேசை அதிரும்,
மேசை அதிர்ந்தால் நான் அரை நூல் நகர்த்திய காது
தானாக ஒரு நூல் நகர்ந்திருக்கும்.
மேசைக்காலுக்குக் கீழே மணல் அடைத்த டியூப் வைத்தோம்.
மணலும் சேர்ந்து ஆடியது.

ஆகவே கரண்டு போகக் காத்திருந்தோம்.
ஊரே வைத பவர்கட்டுக்கு
நாங்கள் கார் பேட்டரியில் விளக்குப் போட்டுக்கொண்டு
கன்றின் முன்னால் குனிந்தோம்.
தறி நின்றதும் மயிலாத்தாள் வருவாள்,
எட்டுத் தறி ஓட்டுகிறவள், மீட்டருக்குக் கூலி.
தலையில் பஞ்சு, கையில் டீ.
அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு
"ஏனுங், இது எப்பங் நடக்கும்?"
"தையில."
"அட போங். கரண்டு போனா உங்களுக்கு வேல,
வந்தா எங்களுக்கு."
டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பதினான்காம் காட்சி.
விடியல். தெப்பக்குளத்தின் கரையில் கன்று,
காலை வைப்பதா வேண்டாமா என்று நிற்கிறது.
பதினோரு நொடி. நூற்று முப்பத்திரண்டு அசைவு.
நாற்பத்தோராவதில் என் விரல் கன்றின் முழங்காலில் இருந்தபோது
கரண்டு வந்துவிட்டது.
டடக் டடக் டடக்.
ஒரு அரைமணி தறியை நிறுத்தச் சொல்கிறேன் என்று
தேவசிகாமணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.
போன வேகத்தில் திரும்பி வந்தார்.
கேட்டாரா, கேட்கவில்லையா,
இன்றுவரை தெரியாது.
"எடு" என்றார்.
எடுத்தேன்.
மிச்சம் தொண்ணூற்றியொன்றும் அப்படியே.

மார்கழிக் குளிரின் கடைசி மிச்சத்தை
அந்தக் கன்றின் உடம்பில் பார்த்ததாக
ஒரு பேராசிரியர் எழுதினார்.
கோபியிலிருந்து ஒரு பிள்ளை
கைக்குட்டையில் போர்வை தைத்து அனுப்பியிருந்தது,
கன்றுக்கு, அளவு சரியாக இல்லை.
நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
பாராட்டு வந்தால் வாயைத் திறக்காதே என்பது
சினிமாவில் நான் கற்ற முதல் பாடம்.

போன தையில் கருமத்தம்பட்டி டீக்கடையில்
படம் ஓடிக்கொண்டிருந்தது.
மயிலாத்தாள் அங்கே பரோட்டா கட்டச் சொல்லி நின்றாள்.
கன்று கரைக்கு வந்தது. நின்றது. நடுங்கியது.
கடையே ஒரு நொடி சும்மா இருந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
டிவியைப் பார்த்துத்தான் சொன்னாள்:

"அது ஏழாந் தறிங்.
பிக்கிங் ஸ்டிக் லூசு.
அப்பவே சொன்னேன்,
ஃபிட்டர் கேக்கல."