தொடக்க அளவு

ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்டின் சாமான்களை ஏலம் விட்ட சனிக்கிழமை
கோதுமைக் கிடங்கின் வாசலில் கணுக்கால் வரை பனி.
ஒரு மரப்பெட்டியை நாற்பது டாலருக்குக் கேட்டேன்.
எதிர்த்துக் கேட்க மொண்டானாவில் ஆளில்லை.
உள்ளே அழுத்துபொறி, தராசு,
சுருட்டுப் பெட்டி நிறையப் பித்தளை உறைகள்,
காபி டப்பாவில் பாதிக்கு மருந்து,
எண்ணெய்க் கறை படிந்த நோட்டு.

டப்பாவில் பெயரில்லை.
சாம்பல் நிறச் செதில்கள், பொடி மீனுக்குச் சுரண்டியதுபோல.
முகர்ந்தேன். கெடவில்லை.
கெடவில்லை என்பது ஒரு பெயராகிவிடாது.

நோட்டில் பென்சில் எழுத்து:
ஓர் எண், ஒரு புள்ளி, இன்னோர் எண்.
பக்கத்தில் "அருமை", கீழே இரண்டு கோடு.
எந்த மருந்து, எத்தனை எடைக் குண்டு, எந்தத் துப்பாக்கி,
எதுவும் எழுதவில்லை.
அவருக்குத்தான் தெரியுமே.

மார்ச் வரை நான் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
இரவுப்பணி முடிந்து சலவை அறையில்
துணி உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
(அது ஓடினால் தராசு முள் நிலைகொள்ளாது)
இரண்டு கையேடுகளை விரித்தேன்.
அதே மருந்து, அதே குண்டு.
பழையது உச்சம் என்று சொல்வதைப்
புதியது தொடவே கூடாது என்கிறது.
என் ரிவால்வரோ இரண்டுக்கும் மூத்தது.
அதன் அறைச்சுவர்
என் மோதிரத்தைவிடச் சற்றே தடிமன்.

இதையும் மருந்து என்றுதான் சொல்கிறோம்.
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாம்.
இது அமிர்தமாய் இருந்ததே இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
எடுத்தவர் டுவைன். மூக்கடைத்த குரல்.
"டப்பாவில் என்ன எழுதியிருக்கு?"
"காபி."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"புல்லுக்குப் போடுங்க. நைட்ரஜன்."

பிறகு துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார்.
"துளி போதும் என்கிற மருந்து மலிவுதான்.
ஆனா ரெண்டு தடவை விழுந்தாலும்
உறைக்கு அடியிலே ஒளிஞ்சுக்கும்.
உப்பலானதா ஒண்ணு வாங்குங்க.
தப்பித் தவறி ரெண்டு தடவை ஊத்தினா
வழிஞ்சு மேசையிலே கொட்டும்.
கொட்டினா திட்டிக்கிட்டே துடைப்பீங்க, அவ்வளவுதான்."

பெட்டியைக் காலி செய்யும்போது
அடித்துணிக்குக் கீழே வேறொரு ரிவால்வரின் உருளை.
ஆறு அறைகளில் மூன்றுக்கு மேற்சுவர் இல்லை.
கிழிந்த விளிம்பு இன்னும் கூர்.

தீவனக் கடையில் அவர் சில்லறை எண்ணும் கை.
இடது கட்டைவிரல் பாதிதான்.
வைக்கோல் கட்டும் இயந்திரம் என்பார்.
முப்பது வருடம் ஊரே அந்த இயந்திரத்தைத் திட்டியது.
நோட்டை மறுபடி எடுத்தேன்.
"அருமை"க்குப் பின் எல்லாம் வெள்ளைத் தாள்.

யாரிடமும் சொல்லவில்லை.
டப்பாவை வீட்டுக்குப் பின்னால்
பனி விலகிய மண்ணில் விசிறினேன்.

சீல் உடையாத புது டப்பா. புதுக் கையேடு.
இடப்பக்கக் கட்டத்தில் தொடக்க அளவு,
பலரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டுகிற எண்.
கிரெயினில் அளக்கிறோம், பவுண்டுக்கு ஏழாயிரம்.
அடிவானம் வரை தானியம் விளையும் ஊரில்
ஒரு மணியின் பத்தில் ஒரு பங்குக்குப் பயந்தபடி நான்.

ஐம்பது உறைகளைப் பலகைக் குழிகளில் நிறுத்தி
டார்ச் அடித்து ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தேன்.
பதினேழாவதில் சந்தேகம்.
கவிழ்த்தேன், அளந்தேன்.
சரியாகத்தான் இருந்தது.
இன்னொரு முறையும் அளந்தேன்.

ஏப்ரலில் சரளைக் குழி.
ஆறு சத்தம், யாரோ அலமாரிகளை அறைந்து சாத்துவதுபோல.
காலி உறைகள் விரல் பட்டதும் நழுவி விழுந்தன.
ஒன்றுகூட ஒட்டவில்லை.
காகிதத்தில் ஓட்டைகள் கண்டபடி. என் குறி அவ்வளவுதான்.
மருந்தின் முழுப்பெயர், டப்பாவின் தொகுதி எண்,
குண்டின் எடை, தேதி, குளிர்:
எல்லாவற்றையும் மையால் எழுதினேன்.

மே மாதம் பின்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும்
புல் கரும்பச்சையாய், முழங்கால் உயரம்.
பக்கத்து வீட்டு ஆர்டிஸ் வேலியில் சாய்ந்து கேட்டாள்,
என்ன உரம் என்று.

பெயர் தெரியாது என்றேன்.