இடக்கரடக்கல்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன்:
சொல்லக் கூசும் சொல்லை மறைத்து
வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல்.
எடுத்துக்காட்டு, கால் கழுவி வந்தான்.
கடைசி வரிசையில் எப்போதும் ஒருவன் சிரிப்பான்.
எதுக்குடா சிரிப்பு என்பேன்,
எனக்குத் தெரியாததுபோல.

கோலாலம்பூர், பகல் பதினொன்றரை.
பதினெட்டுப் பேர், முன்னால் மஞ்சள் குடையோடு வழிகாட்டி.
மெர்டேக்கா சதுக்கத்துக் கொடிக்கம்பத்தை
அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.
அண்ணாந்தால் அடிவயிறு இழுத்தது.
குனிந்தே நின்றேன்.
"உனக்கு எதிலும் ஆர்வமில்லை" என்றார் இவர்,
படம் எடுத்துக்கொண்டே.

விடுதியிலேயே போயிருக்கலாமே என்று
யாரும் கேட்கவேண்டாம். போனேன்.
ஐந்தரைக்கு.
அப்புறம் அரை டம்ளர் காப்பி, அவ்வளவுதான்.
பேருந்தில் தந்த தண்ணீர் பாட்டில்
திறக்காமல் பைக்குள் கிடக்கிறது,
எழுப்பினால் அழும் பிள்ளைபோல.
பழக்கம்தான். இருபத்தாறு வருடப் பள்ளிக்கூடம்,
பூட்டிய கழிப்பறை, தலைமையாசிரியர் மேசையில் சாவி,
மணி அடிக்கும்வரை காய்ந்த தொண்டை.
அடக்கமான டீச்சர் என்று மேடையில் புகழ்ந்தவர்கள்
எதை அடக்கினேன் என்று கேட்டதில்லை.

அடுத்து, ஆறுகள் கூடுமிடம்.
ஒன்று போதாதென்று இரண்டு: கிளாங், கோம்பாக்.
கரையில் நீரூற்று வேறு.
"கண்ணை மூடி இந்தச் சத்தத்தைக் கேளுங்க,
மனசு லேசாகும்" என்றார் வழிகாட்டி.
கேட்டேன்.
கால்மேல் கால் பின்னிக்கொண்டு கேட்டேன்.

பிறகு வெட்கம் தானாகக் கழன்றது.
"அண்ணே, ஒதுங்க எங்கே?"
பதினெட்டுத் தலைகளும் திரும்பின.
"மழையே வரலியே" என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.
வழிகாட்டி மட்டும் குடையை நீட்டினார்:
பாலம் தாண்டி, இடது பக்கம், பழைய கடைத்தொகுதி,
தண்டாஸ் என்று போட்டிருக்கும்.

ஓடவில்லை. ஓடக்கூடாது.
சின்னச் சின்ன அடி,
கோலத்தை மிதிக்காமல் நடப்பதுபோல.
இரண்டு கதவு. படங்கள் உரிந்துபோய்
எழுத்து மட்டும் மிச்சம்.
ஒன்றில் லெலாகி. ஒன்றில் பெரெம்புவான்.
கற்ற இலக்கணம் கைகொடுத்தது:
ஆன் விகுதி ஆண்பால்.
வருவான், போவான், பெரெம்புவான்.
இகர விகுதி பெண்பால்.
அரக்கி, கிறுக்கி, லெலாகி.
லெலாகியைத் தள்ளினேன்.

உள்ளே
வரிசையாக மூன்று முதுகுகள்.

பால்வழு.

"அக்கா, அது ஆம்பளைங்க பக்கம்!"
சீருடைச் சட்டையில் ஷர்வினி என்று பெயர் குத்திய பெண்
வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
என்னால் சிரிக்க முடியாது. சிரித்தால் போச்சு.
மேசைக்காரி தட்டை நகர்த்தினாள்: ஐம்பது சென்.
என் கையில் ஐம்பது வெள்ளித் தாள்.
அவள் தாளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்,
கல்லாவைத் துழாவத் தொடங்கினாள், மெதுவாக.
ஷர்வினி ஒரு காசைத் தட்டில் போட்டாள்.
"போங்கக்கா, கணக்கெல்லாம் அப்புறம்."

உள்ளே நான்கு பேர் வரிசை.
முன்னால் நின்ற சீனத்து அம்மாள்
நான் நிற்கும் விதத்தைப் பார்த்தார்.
ஒதுங்கினார்.

தாழ்ப்பாள் இல்லை.
கதவு தானே திறந்துகொள்ளப் பார்த்தது.
வெளியிலிருந்து ஒரு கை அதை இழுத்துப் பிடித்தது.
விளிம்பில் நான்கு விரல்,
பச்சைக்கல் வளையலில் பாதி.
எத்தனை நிமிடமோ.
அந்த விரல்கள் அசையவேயில்லை.

பிறகு அவர் உள்ளே, நான் வெளியே,
அதே விளிம்பில் என் நான்கு விரல்.
அவர் மொழி எனக்குத் தெரியாது.
எந்தப் பாலுக்கு எந்த விகுதியோ.

வெளியே வந்து பாட்டிலைத் திறந்தேன்.
நடுத்தெருவில், அண்ணாந்து,
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

பாலத்தின் மேல் சின்னச் சின்ன அடியாக
வங்கி மேலாளர் வந்துகொண்டிருந்தார்.
சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்:
"டீச்சர், இங்க... கை கால் கழுவ..."

கடைசி வரிசைப் பையன்போல
சிரிப்பு முட்டியது.
"லெலாகி" என்றேன். "சில்லறை இருக்கா சார்?"